குறைந்த செலவில் ஒரு ஸ்பாட் மீட்டர்: பிலிம் கேமராவுக்குப் புதியவர்களுக்கு

பிலிம் கேமராவைக் கையில் எடுத்த சில மாதங்களிலேயே பலருக்கும் ஸ்பாட் மீட்டர் மீது ஆசை வந்துவிடுகிறது. கைத்துப்பாக்கியைப் போலப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே தெரியும் காட்சியில் ஒரு சிறு வட்டத்தின் ஒளியை மட்டும் அளந்து சொல்லும் கருவி அது. எனக்கும் அந்த ஆசை வந்தது. அவசரப்பட்டு வாங்கிய முதல் மீட்டர், ஒரு ரோல் பிலிமையும் மாமல்லபுரத்துக்குப் போய்வந்த ஒரு நாளையும் விழுங்கிவிட்டது. வெயிலில் நின்ற கடற்கரைக் கோயிலின் நெகட்டிவ்கள் நன்றாகவே வந்திருந்தன. குடைவரைகளுக்குள் எடுத்தவற்றிலோ நிழல் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடி போல வெறுமையாக இருந்தது. பிலிமையும் கழுவிய கடையையும் சந்தேகித்த பிறகுதான் மீட்டரைச் சந்தேகித்தேன். வெயிலில் சரியாகக் காட்டிய அந்த முள், மங்கிய வெளிச்சத்தில் உள்ளதைவிட ஒன்றேமுக்கால் ஸ்டாப் (ஒளி இரு மடங்கானாலோ பாதியானாலோ அது ஒரு ஸ்டாப்) கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. விலை மலிவு என்பதை மட்டும் பார்த்து வாங்கியதன் பலன் அது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஒரு மீட்டரை வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும் நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: உண்மையில் தேவைதானா?

ஸ்பாட் மீட்டர், பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. ஆனால் தான் பார்ப்பது இன்ன பொருள் என்று அதற்குத் தெரியாது. வெள்ளை வேட்டியைக் காட்டினாலும் கருங்கல்லைக் காட்டினாலும், அந்த இடம் படத்தில் நடுச்சாம்பல் நிறமாக விழுவதற்கு என்ன எக்ஸ்போஷர் வேண்டுமோ அதையே அது சொல்லும். அது சொன்னதை அப்படியே கேமராவில் வைத்தால் வேட்டி அழுக்காகவும் கருங்கல் வெளிறியும் வரும். வேட்டிக்கு இரண்டு ஸ்டாப் கூட்டுவதா, கல்லுக்கு இரண்டு ஸ்டாப் குறைப்பதா என்பதை ஒவ்வொரு முறையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்கும் பொறுமை இல்லாதவருக்கு ஸ்பாட் மீட்டர் உதவியைவிடத் தொல்லையே அதிகம் தரும்.

கலர் நெகட்டிவ் பிலிமில் தெருக் காட்சிகள், பயணம், குடும்ப விசேஷங்கள் ஆகியவற்றை எடுப்பவருக்கு இது தேவையே இல்லை. அந்தப் பிலிம் ஓரிரு ஸ்டாப் கூடுதல் ஒளியைச் சிரமமின்றித் தாங்கிக்கொள்ளும். நல்ல வெயிலில் எஃப்/16 வைத்து, பிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருக்கமான ஷட்டர் வேகத்தை வைக்கும் பழைய விதியே போதும். முகத்தருகே சென்று அளக்க முடிகிற இடங்களில், வெள்ளைக் குமிழ் கொண்ட, விழும் ஒளியை அளக்கும் மீட்டர் இதைவிட வேகமானது, விலையும் குறைந்தது.

ஒளித் தவறை அதிகம் பொறுக்காத ஸ்லைடு பிலிம் போடுபவர், கருப்பு-வெள்ளையில் ஸோன் முறைப்படி (கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு ஸ்டாப் இடைவெளியில் எண்ணிட்ட படிகளாகப் பிரித்து, நடுச்சாம்பலை ஐந்தாம் படியாகக் கொள்ளும் முறை) வேலை செய்ய விரும்புபவர், பொருளின் அருகே போகவே முடியாத இடங்களில் எடுப்பவர் ஆகியோருக்கு ஸ்பாட் மீட்டர் நிச்சயம் பயன்படும். மார்கழிக் கச்சேரி மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கொளி முழுவதும் ஆடுபவர் மீதும், சுற்றிலும் இருட்டுத் திரையுமாக இருக்கும்போது, சராசரி பார்க்கும் எந்த மீட்டரும் அந்த இருட்டைக் கணக்கில் சேர்த்து முகத்தை வெளுக்கச் செய்துவிடும்.

இரண்டாம் படி: கோணத்தைத் தூரத்தோடு சேர்த்துப் பார்ப்பது

விளம்பரங்களில் 1 டிகிரி, 5 டிகிரி, 10 டிகிரி என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை உங்கள் பொருளின் தூரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. 1 டிகிரி வட்டம், 57 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் அகலத்தை அடக்கும்; 6 மீட்டரில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், அதாவது ஓர் உள்ளங்கை அளவு. அதே 6 மீட்டரில் 5 டிகிரி வட்டம் அரை மீட்டரை அடக்கிவிடும்.

மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குடைவரையில் இந்த வேறுபாடு கண்ணெதிரே தெரியும். சிங்கத்தின் மீது அமர்ந்து வில் வளைக்கும் தேவியின் சிற்பத்தை எதிர்ப்புறத்திலிருந்து அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1 டிகிரி வட்டத்தைத் தேவியின் உயர்த்திய கைக்குக் கீழேயுள்ள நிழலில் மட்டும் வைக்க முடியும். 5 டிகிரி வட்டத்தை அங்கே வைத்தால் நிழல், ஒளிபட்ட தோள், பின்சுவர் மூன்றும் ஒன்றாகக் கலந்து ஒரு சராசரி எண் கிடைக்கும். அந்தச் சராசரிக்குத் தனியாக ஸ்பாட் மீட்டர் வாங்க வேண்டியதில்லை.

மறுபக்கம், மேசை மேல் வைத்த பொருள்களையோ இரண்டு மீட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளையோ மட்டும் எடுப்பவருக்கு 5 டிகிரியே போதும். 2 மீட்டரில் அது 17 சென்டிமீட்டர்தான். 1 டிகிரிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன், நீங்கள் வழக்கமாக எடுக்கும் மூன்று படங்களை மனத்தில் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: வீட்டில் ஏற்கெனவே இருப்பதைத் தேடுவது

பலருடைய அலமாரியிலும் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் தூங்கிக்கொண்டிருக்கும். அதுவே நல்ல ஸ்பாட் மீட்டர். 2008இல் வந்த நிக்கான் டி90ஐ எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்பாட் அளவீடு, சென்சாரின் மீது 3.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தை மட்டும் பார்க்கிறது. 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் அது 4 டிகிரி. 200 மில்லிமீட்டருக்கு ஸூம் செய்தால் சரியாக 1 டிகிரி. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் கருவியின் கோணம், செலவே இல்லாமல் கிடைத்துவிடுகிறது. எடை அதிகம் என்பதும், இரண்டு கேமராக்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்பதும்தான் குறை. ஸூம் லென்ஸின் கண்ணாடிகள் கொஞ்சம் ஒளியை விழுங்குவதால், அது சொல்லும் அளவு தனி மீட்டரைவிட ஏறக்குறைய கால் முதல் மூன்றில் ஒரு ஸ்டாப் வரை மாறலாம். ஒருமுறை ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டால் அந்தச் சிக்கலும் தீர்ந்தது. ஸோன் முறை உங்களுக்கு ஒத்துவருமா என்பதை இந்த வழியில் இரண்டு ரோல் எடுத்துப் பார்த்துவிட்டுத் தனி மீட்டருக்குப் போவதே என் சிபாரிசு.

கைப்பேசிச் செயலிகளும் திரையில் தொட்ட இடத்தை அளந்து சொல்கின்றன. பகல் வெளிச்சத்தில் அவை மோசமில்லை. ஆனால் ஒரே செயலி இரண்டு கைப்பேசிகளில் இரண்டு எண்களைக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். பிரகாசமான சன்னலுக்குப் பக்கத்திலுள்ள நிழலை அளக்கும்போது, அந்தச் சிறிய லென்ஸுக்குள் சிதறும் ஒளி நிழலை உள்ளதைவிட வெளிச்சமாகக் காட்டிவிடும். கற்றுக்கொள்ள அது போதும், ஸ்லைடு பிலிமுக்குப் போதாது.

இன்னொரு வழி, ஸ்பாட் அளவீடு உள்ள பிலிம் கேமராவையே வாங்குவது. 1983இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-4, காட்சியின் 2 சதவீதப் பரப்பை மட்டும் அளந்து, எட்டு இடங்களின் அளவுகளை நினைவில் வைத்துச் சராசரி சொல்லும். நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. தொடக்கத்தில் வந்த ஓஎம்-4கள் பேட்டரியைக் குடித்துத் தீர்ப்பதில் பேர்போனவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு: 1964இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கின் பெயரில்தான் ஸ்பாட் இருக்கிறது, விற்பனைக்கு வந்த கேமராவோ காட்சி முழுவதையும் சராசரியாகத்தான் அளக்கும்.

நான்காம் படி: பழைய மீட்டர்களுக்குள் தேர்ந்தெடுப்பது

இவை எதுவும் ஒத்துவரவில்லை என்றால் பழைய கருவிச் சந்தைக்குத்தான் போக வேண்டும். செகோனிக் எல்-858 போன்ற புதிய கருவிகள் மிகச் சிறந்தவை. ஆனால் அந்த விலைக்கு நல்ல கேமரா ஒன்றையே வாங்கிவிடலாம். எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கும் உச்சவரம்பு, பத்து ரோல் பிலிமுக்கும் அவற்றைக் கழுவுவதற்கும் ஆகும் செலவு. அதைத் தாண்டினால், மீட்டர் மிச்சப்படுத்தித் தரும் பிலிமைவிட மீட்டரின் விலை அதிகமாகிவிடுகிறது.

இந்த வரம்பை ஒட்டி அடிக்கடி கண்ணில் படுபவை மூன்று வகை. முதலாவது, முள் வைத்த பழைய மீட்டர்கள்; பென்டாக்ஸ் ஸ்பாட்மீட்டர் 5, சோலிகர் ஸ்பாட் சென்சார் போன்றவை இதில் சேரும். விலை குறைவு, கட்டமைப்பு உறுதி. ஆனால் வெளிச்சம் குறைந்தால் முள்ளைப் படிப்பதே சிரமம். இரண்டாவது, பென்டாக்ஸ் டிஜிட்டல் ஸ்பாட்மீட்டர். வியூஃபைண்டருக்குள் சிவப்பு எழுத்தில் ஒரு ஈவி எண்ணையும் (ஒளியின் அளவைச் சொல்லும் எண்; ஒன்று கூடினால் ஒரு ஸ்டாப்), மூன்றில் ஒரு பங்கைக் குறிக்கும் புள்ளிகளையும் மட்டுமே காட்டும்; மீதியை லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். தெரிந்தவர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதால் விலையும் ஏறிக்கிடக்கிறது. மூன்றாவது, மினோல்ட்டா ஸ்பாட்மீட்டர் எஃப். இதுவும் 1 டிகிரிதான். ஷட்டர் வேகத்தை நாம் வைத்தால் எஃப் எண்ணை நேராகவே காட்டும், ஃபிளாஷ் ஒளியையும் அளக்கும், நிழல், வெளிச்சம், சராசரி மூன்றுக்கும் பொத்தான் உண்டு. புதியவர் ஒருவர் என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் தேடச் சொல்வேன். அதற்கு ஒரு காரணம் கொஞ்சம் அற்பமாகத் தோன்றலாம்: சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே ஏஏ செல் ஒன்றில் அது ஓடுகிறது. பெட்டிக்கடையில் செல் கிடைக்கும் கருவிக்கும், செல்லுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்க வைக்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசம், ஊர் ஊராகப் போய்ப் படமெடுப்பவருக்குத்தான் தெரியும். 1 முதல் 4 டிகிரி வரை ஸூம் செய்யக்கூடிய செகோனிக் எல்-508உம் ஒற்றை ஏஏ செல்லில் ஓடுவதுதான். விழும் ஒளியையும் சேர்த்து அளக்கும்.

பேட்டரி விஷயத்தில் இன்னும் ஓர் எச்சரிக்கை. மிகப் பழைய மீட்டர்கள் சில, 1.35 வோல்ட் மெர்குரி செல்லுக்காக வடிவமைக்கப்பட்டவை. அந்தச் செல்கள் இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவிலுள்ள 1.5 வோல்ட் அல்கலைன் செல்லைப் போட்டால் கருவி இயங்கும், ஆனால் தவறாகக் காட்டும்; செல் தீரத் தீர அந்தத் தவறின் அளவும் மாறிக்கொண்டே போகும். காது கேட்கும் கருவிக்கான ஜிங்க்-ஏர் செல் இதற்கு ஒரு மாற்று, என்றாலும் உறையைப் பிரித்த சில வாரங்களில் அது தீர்ந்துவிடும். இந்தச் சுற்றுவழியெல்லாம் முதல் மீட்டருக்கு வேண்டாம்.

ஐந்தாம் படி: விற்பவரிடம் கேட்க வேண்டியவை

இணையத்தில் விற்பவர் “சோதிக்கவில்லை” என்று எழுதியிருந்தால், பழுதானது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். செல் போட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாததற்குக் காரணம் இருக்கும். வெயில் விழும் தரை, அறையின் மூலை ஆகிய இரண்டையும் அளந்து, வியூஃபைண்டருக்குள் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். பேட்டரி அறையைத் திறந்து ஒரு படம் கேளுங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் ஒதுங்கிவிடுவது நல்லது. லென்ஸ் வழியே டார்ச் அடித்து எடுத்த படம் ஒன்றும் வேண்டும். கடற்கரை ஊர்களில் பல ஆண்டுகள் பையிலேயே கிடந்த கருவிகளில் பூஞ்சை படர்ந்திருக்கும். கேமரா லென்ஸில் லேசான பூஞ்சை படத்தைப் பெரிதாகக் கெடுக்காது, ஆனால் ஸ்பாட் மீட்டரில் அது ஒளியைச் சிதறடித்து நிழல் அளவுகளைப் பொய்யாக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் சுங்க வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். திருப்பி அனுப்பும் உரிமை எத்தனை நாள் என்பதையும் கேட்டு வையுங்கள். அடுத்த படியை அந்த நாள்களுக்குள் முடித்தாக வேண்டும்.

ஆறாம் படி: வந்தவுடன் சோதிப்பது

இந்தப் படியைத் தவிர்த்ததால்தான் நான் ஏமாந்தேன். இங்கே மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: எப்போதும் ஒரே அளவு தவறாகக் காட்டும் மீட்டர் நல்ல மீட்டர், இடத்துக்கு இடம் வேறு வேறு அளவு தவறாகக் காட்டும் மீட்டரால் எந்தப் பயனும் இல்லை. மூன்றில் இரண்டு ஸ்டாப் எப்போதும் கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்தால், 400 பிலிமுக்கு ஐஎஸ்ஓ வளையத்தை 250இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வெயிலில் சரியாகவும் நிழலில் தவறாகவும் காட்டுவதற்கு எந்த வளையத்தாலும் வைத்தியம் பார்க்க முடியாது.

நம்பகமான டிஜிட்டல் கேமரா ஒன்றை நண்பரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் சீராகச் சுண்ணாம்பு அடித்த சுவரை மூன்று நிலைகளில் அளக்க வேண்டும்: நேர் வெயிலில் ஒருமுறை, வீட்டுக்குள் சன்னலோரத்தில் ஒருமுறை, மாலையில் ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் இரண்டு கருவிகளும் ஒரே ஐஎஸ்ஓவில், சுவரின் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். வித்தியாசங்களைத் தாளில் எழுதுங்கள். முழுமையான ஒற்றுமையை எதிர்பார்க்க வேண்டாம். நிக்கான், கேனன், செகோனிக் ஆகியவை 12.5 என்ற மாறிலியையும், மினோல்ட்டா, பென்டாக்ஸ் ஆகியவை 14 என்ற மாறிலியையும் வைத்து அளவீட்டைத் தரப்படுத்துவதால் ஆறில் ஒரு ஸ்டாப் வித்தியாசம் பிறவியிலேயே உண்டு. மூன்று நிலைகளிலும் வித்தியாசம் மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குள் ஒத்துப்போனால் கருவி தேறிவிட்டது. என்னுடைய பழைய மீட்டருக்கு இந்தச் சோதனையில் கிடைத்திருக்க வேண்டிய எண்கள் பூச்சியம், முக்கால், ஒன்றேமுக்கால்.

அடுத்தது குறி தவறாமல் இருக்கிறதா என்பது. இரவில் அறையை இருட்டாக்கி, மூன்று நான்கு மீட்டர் தள்ளி ஓர் அகல் விளக்கை ஏற்றி வையுங்கள். வியூஃபைண்டர் வட்டத்தைச் சுடரின் மீது இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் மெதுவாக நகர்த்துங்கள். சுடர் வட்டத்தின் நடுவில் இருக்கும்போது எண் உச்சத்தைத் தொட வேண்டும். சுடர் வட்டத்தை விட்டு வெளியே போன பிறகும் எண் ஏறினால், கருவி எப்போதோ கீழே விழுந்து உள்ளே எதுவோ நகர்ந்திருக்கிறது.

கடைசியாக ஒளிச்சிதறல். பகலில் பிரகாசமான சன்னலுக்கு அருகே ஒரு கருங்குடையை விரித்து வைத்து, அதன் துணியை அளவெடுங்கள். பிறகு யாரையாவது சன்னலுக்கு வெளியே போர்வையைப் பிடித்து ஒளியை மறைக்கச் சொல்லிவிட்டு மறுபடி அளவெடுங்கள். குடையின் மீது சன்னலின் ஒளி நேராக விழாதபடி அதைத் திருப்பி வைத்தால்தான் இந்தச் சோதனை சரியாக இருக்கும். இரண்டு அளவுகளுக்கும் அரை ஸ்டாப்புக்கு மேல் வேறுபாடு வந்தால் முதலில் லென்ஸை மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள். அப்போதும் குறையாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஏழாம் படி: முதல் ரோல்

தேறிய மீட்டரோடு நான் மறுபடி போனதும் அதே குடைவரைக்குத்தான். கேமராவில் ஐஎஸ்ஓ 400 கருப்பு-வெள்ளைப் பிலிம். படத்தில் விவரம் தெரிய வேண்டிய மிக இருண்ட இடமாகத் தேவியின் கைக்குக் கீழிருந்த நிழலைத் தேர்ந்தெடுத்தேன். ஐஎஸ்ஓ 100 கணக்கில் மீட்டர் காட்டியது ஈவி 7. அதை அப்படியே வைத்தால் அந்த நிழல் நடுச்சாம்பலாகிவிடும். அமெரிக்கப் புகைப்படக்காரர்களான அன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் முறைப்படி அது மூன்றாம் ஸோனில், அதாவது இரண்டு ஸ்டாப் கீழே இருக்க வேண்டும். எனவே ஈவி 9. 400 பிலிமுக்கு அது எஃப்/8, 1/30 நொடி. வாயிலருகே ஒளிபட்ட தரை ஈவி 11, ஏழாம் ஸோனில் விழும், கல்லின் சொரசொரப்பு தெரியும். வெளியே வெயிலில் நின்ற பாறை ஈவி 14. அது பத்தாம் ஸோனுக்குப் போய் வெறும் வெள்ளையாகிவிடும் என்பதால், அது சட்டத்துக்குள் வராதபடி முக்காலியை இரண்டடி நகர்த்தினேன். ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே இந்த இரண்டடியைச் சொல்லித் தருவதற்காகத்தான் ஸ்பாட் மீட்டர்.

மனிதர்களை எடுக்கும்போது ஒரு திருத்தம் தேவைப்படும். ஸோன் முறையை விளக்கும் கையேடுகள் தோலை ஆறாம் ஸோனில் வைக்கச் சொல்வது வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து. நம் மாநிறத்துக்கு ஐந்தாம் ஸோனே பொருந்துகிறது. இன்னும் கறுத்த தோலுக்கு நான்கும் ஐந்தும் சந்திக்கும் இடம். உள்ளங்கை மட்டும் பெரும்பாலோருக்கு நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சமாக இருக்கும். அதனால் அதே ஒளியில் உங்கள் கையை நீட்டி, உள்ளங்கையை அளந்து, ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்தால் முகத்துக்கும் அது சரியாக வரும். மீட்டரோடு, அளவெடுப்பதற்கான நடுச்சாம்பல் நிற அட்டையும் வாங்கச் சொல்பவர்களிடம் இந்தக் கையைக் காட்டலாம்.

முதல் ரோல் முழுவதும் ஒவ்வொரு படத்துக்கும் எந்த இடத்தை அளந்தீர்கள், என்ன எண் வந்தது, என்ன வைத்தீர்கள் என்பதைச் சிறு குறிப்பேட்டில் எழுதி, நெகட்டிவ் வந்ததும் ஒப்பிடுங்கள். நிழல்கள் தொடர்ந்து மெலிந்தே வந்தால் ஐஎஸ்ஓ வளையத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்கி அடுத்த ரோலைப் போடுங்கள். அந்தத் திருத்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி மீட்டரின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். ஒரு மாதம் தொடப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி, மீட்டரைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள்.